ரேடார் மேப்பில் தெரிவது எத்தனை மணி மழை? ‘லைவ்’ வானிலைக்கு விதை போட்ட ஃபிட்ஸ்ராயின் கதை

மாலை 5.40 மணி. ஆபீஸிலிருந்து கிளம்பும் முன் போனில் மழை ரேடார் மேப்பைத் திறந்து பார்க்கிறீர்கள். போக வேண்டிய சாலைக்கு மேல் ஒரு பச்சைப் புள்ளிகூட இல்லை. நம்பி பைக்கை எடுத்தால், இரண்டாவது சிக்னலில் கொட்டித் தீர்க்கிறது. மேப் பொய் சொன்னதா? இல்லை. அது காட்டியது 5 மணி வானத்தை. அதற்குப் பிறகு வந்த படத்தை பிரவுசர் வாங்கவே இல்லை.

இங்கே சட்டை நனைவதோடு போய்விட்டது. 19-ம் நூற்றாண்டில் இதே தாமதம் கப்பல் கப்பலாக மூழ்கடித்தது. சிதறிக் கிடக்கும் வானிலைத் தகவலைச் சுடச்சுட ஒரே இடத்தில் சேர்த்து, பழசாகும் முன்பே மக்கள் கையில் கொடுக்க முடியும் என்று காட்டியவர் ராபர்ட் ஃபிட்ஸ்ராய். சார்லஸ் டார்வினை உலகம் சுற்ற அழைத்துப்போன பீகிள் கப்பலின் கேப்டன் இவர்தான். லைவ் மேப் எப்படி வேலை செய்கிறது, எங்கே சறுக்குகிறது என்பதற்கு அவருடைய வாழ்க்கையே நல்ல பாடம்.

முதலில், மேப் எப்படி வருகிறது?

பிரவுசரில் திறக்கும் மேப் ஒரே பெரிய படம் கிடையாது. சுவரில் டைல்ஸ் ஒட்டுவது மாதிரி, சின்னச் சின்னச் சதுரப் படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கிக் காட்டுகிறார்கள். பெயரும் ‘டைல்’தான். பொதுவாக ஒரு டைல் 256 பிக்சல் அகலம், 256 பிக்சல் உயரம். முழுக்க ஜூம் அவுட் செய்தால் மொத்த உலகமும் ஒரே டைலில் அடங்கும். ஒவ்வொரு படி ஜூம் செய்யும்போதும் டைல்களின் எண்ணிக்கை 4 மடங்காகும். பத்தாவது படியில் அது 10 லட்சத்தைத் தாண்டிவிடும். உங்கள் திரையில் தெரியும் ஒரு டஜன், ரெண்டு டஜன் டைல்களை மட்டும்தான் போன் கேட்டு வாங்குகிறது.

அடியில் இருப்பது சாலை, ஏரி, தெருப் பெயர். அதன் மேல் கண்ணாடித் தாள் விரித்த மாதிரி இன்னொரு அடுக்கு டைல்கள்: மழை, டிராஃபிக், காற்று. அடி மேப் மாதக்கணக்கில் மாறாது. மேல் அடுக்கு சில நிமிடங்களில் பழசாகிவிடும். இந்த இரண்டும் வேறு வேறு வேகத்தில் வாழ்கின்றன என்பதை மறந்தால்தான் வம்பு.

ஃபிட்ஸ்ராயின் வாழ்க்கையையும் இப்படி இரண்டாகப் பிரிக்கலாம். முதல் பாதியில் அவர் அடி மேப் வரைந்தார். இரண்டாம் பாதியில் மேல் அடுக்கோடு போராடினார்.

அழுத்தமானி சொன்னதைக் கேட்காத நாள்

1805 ஜூலை 5-ல் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் பிறந்தவர் ஃபிட்ஸ்ராய். மன்னர் இரண்டாம் சார்லஸின் வழிவந்த பிரபுக் குடும்பம். பணத்துக்குக் குறைவில்லை. 12 வயதில் போர்ட்ஸ்மவுத் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்தார். 1824-ல் லெப்டினன்ட் தேர்வில் முழு மதிப்பெண் வாங்கினார். அதற்கு முன் யாரும் அப்படி வாங்கியதில்லை.

1828-ல் தென் அமெரிக்காவின் தென்கோடியை அளந்துகொண்டிருந்த பீகிள் கப்பலின் கேப்டன், தனிமையும் மனச்சோர்வும் தாளாமல் உயிரை மாய்த்துக்கொண்டார். அந்த இடத்துக்கு ஃபிட்ஸ்ராயை அனுப்பினார்கள். அப்போது அவருக்கு வயது 23.

பொறுப்பேற்ற சில வாரங்களிலேயே முதல் அடி விழுந்தது. 1829 ஜனவரி கடைசியில் உருகுவே நாட்டின் மால்டொனாடோ அருகே, அந்தப் பகுதிக்கே உரிய ‘பாம்பெரோ’ சூறாவளிக் காற்று திடீரென்று தாக்கியது. கப்பல் கவிழும் நிலைக்குப் போனது. மாலுமிகள் இருவர் கடலில் விழுந்து இறந்தார்கள். காற்றழுத்தமானி முன்கூட்டியே அறிகுறி காட்டியிருந்தது. இளம் கேப்டன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தத் தவறை அவர் கடைசிவரை மறக்கவில்லை. வானம் தகவல் கொடுத்தது, தகவல் கையிலும் இருந்தது, சரியான நேரத்தில் அதைப் பார்த்து முடிவெடுக்கவில்லை. பின்னாளில் அவர் செய்த வேலை முழுக்க இந்த ஓட்டையை அடைப்பதுதான்.

22 கடிகாரங்களோடு ஒரு பயணம்

1831 டிசம்பரில் பீகிள் மறுபடி கிளம்பியது. நீண்ட பயணத்தில் பேச்சுத் துணைக்குப் படித்த ஒருவர் வேண்டும் என்று ஃபிட்ஸ்ராய் கேட்டதால் கப்பலேறியவர்தான் 22 வயது டார்வின். ஐந்து ஆண்டுகள் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். அடிமை முறை பற்றி பிரேசிலில் கடும் சண்டை போட்டு, பிறகு சமாதானமும் ஆனார்கள்.

கப்பலில் 22 குரோனோமீட்டர்கள் இருந்தன. துல்லியமான கடல் கடிகாரங்கள் இவை. ஓர் இடத்தின் தீர்க்க ரேகையைக் கணக்கிட, அங்கே உள்ளூர் நேரம் என்ன, அதே கணத்தில் இங்கிலாந்தில் நேரம் என்ன என்று தெரிய வேண்டும். நேரம் தப்பினால் மேப்பில் இடமும் தப்பும். இடத்தையும் நேரத்தையும் பிரிக்க முடியாது என்பது ஃபிட்ஸ்ராய்க்கு இப்படித்தான் பழகிப்போனது. காற்றின் வேகத்தைக் குறிக்கும் போஃபோர்ட் அளவுகோலை அதிகாரபூர்வமாகப் பயன்படுத்திய முதல் பயணமும் இதுதான்.

தென் அமெரிக்கக் கடற்கரைகளை அவர் அளந்த நேர்த்தி கப்பல்காரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாக உதவியது. 1837-ல் ராயல் புவியியல் கழகம் தங்கப் பதக்கம் கொடுத்தது. வேலை கெட்டுவிடக் கூடாது என்று பயணத்தின் நடுவே சொந்தக் காசில் இன்னொரு கப்பலையும் வாங்கிப் போட்டார். கடற்படை அந்தப் பணத்தைத் திருப்பித் தரவில்லை. கைப்பணத்தைப் பொது வேலையில் கொட்டும் இந்தப் பழக்கம் கடைசிவரை அவரை விடவில்லை.

1841-ல் எம்.பி. ஆனார். 1843-ல் நியூசிலாந்து ஆளுநராகப் போனார். நில விவகாரத்தில் மாவோரி மக்கள் பக்கம் இருந்த நியாயத்தை ஒப்புக்கொண்டதால் ஆங்கிலேயக் குடியேறிகளின் கோபத்தைச் சம்பாதித்தார். 1845-ல் பதவி பறிபோனது.

நாடாளுமன்றத்தில் எழுந்த சிரிப்பு

1854-ல் பிரிட்டனின் வர்த்தக வாரியம் வானிலைக்கென ஒரு சின்னத் துறையைத் தொடங்கி, அதை ஃபிட்ஸ்ராயிடம் கொடுத்தது. அவருக்குக் கீழே மூன்று பேர். இன்றைய பிரிட்டன் வானிலை அலுவலகத்தின் ஆரம்பம் அதுதான்.

அதே ஆண்டு நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர், லண்டனில் நாளைக்கு என்ன வானிலை என்பதை 24 மணி நேரத்துக்கு முன்பே சொல்லும் காலம் வரலாம் என்று பேசினார். அவையே சிரித்தது. அன்றைக்கு வானிலையை முன்கூட்டிச் சொல்வது பஞ்சாங்கக்காரர் வேலை.

துறைக்குக் கொடுத்த வேலை கணிப்பும் இல்லை, கணக்கெடுப்பு. கப்பல்களுக்குக் கருவிகள் கொடுத்து, அவை திரும்பி வந்ததும் பதிவேடுகளை வாங்கி, எந்தக் கடலில் எந்த மாதம் எப்படிக் காற்றடிக்கும் என்று பட்டியல் போட வேண்டும். கப்பல் திரும்ப மாதக்கணக்காகும். அதாவது மேல் அடுக்கின் தகவலை அடி மேப்பின் வேகத்தில் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். அட்லாண்டிக்கில் சராசரியாக என்ன நடக்கும் என்று அது சொல்லும். இன்று ராத்திரி துறைமுகத்தை விட்டுக் கிளம்பலாமா என்று கேட்டால் பதில் இருக்காது.

ஃபிட்ஸ்ராய் கணக்கெடுப்போடு நிற்கவில்லை. மீனவர் குப்பங்களில் எல்லோரும் பார்க்கும்படி காற்றழுத்தமானிகளை வைக்க ஏற்பாடு செய்தார். மால்டொனாடோவில் தான் செய்த தவறை இன்னொருவர் செய்யக் கூடாது என்ற எண்ணம்.

450 உயிர்களைக் கொண்டுபோன இரவு

1859 அக்டோபர். ஆஸ்திரேலியாவின் மெல்போர்னிலிருந்து பயணிகளையும் தங்கத்தையும் ஏற்றிக்கொண்டு வந்த ‘ராயல் சார்ட்டர்’ கப்பல், இரண்டு மாதப் பயணம் முடிந்து லிவர்பூலை நெருங்கியது. சுரங்கங்களில் உழைத்துச் சேர்த்த தங்கத்தோடு வீடு திரும்பியவர்கள் பலர் அதில் இருந்தார்கள். 25-ம் தேதி இரவு புயல் பிடித்தது. 26-ம் தேதி காலை வேல்ஸின் ஆங்கில்சி தீவுப் பாறைகளில் மோதிக் கப்பல் உடைந்தது. சுமார் 450 பேர் இறந்தார்கள். பெண்களிலும் குழந்தைகளிலும் ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அந்த ஒரு புயலில் பிரிட்டன் கடற்கரைகளில் மூழ்கிய கப்பல்கள் 133. இறந்தவர்கள் சுமார் 800.

நாடே துக்கத்தில் இருந்தபோது ஃபிட்ஸ்ராய் கலங்கரை விளக்கங்கள், துறைமுகங்கள், கப்பல்களிலிருந்து பதிவுகளைத் திரட்டினார். ஒரே நேரத்தில் எடுத்த அளவுகளை ஒரே மேப்பில் வைத்தார். அடுத்த சில மணி நேரத்துக்கு இன்னொரு மேப். அதற்கடுத்து இன்னொன்று. வரிசையாகப் பார்த்தபோது புயல் நகர்வது தெரிந்தது. இன்று ரேடார் மேப்பில் ‘பிளே’ பட்டனைத் தட்டினால் மேகம் நகருமே, அதேபோல.

அந்த மேப்களில் வயிறெரியும் உண்மை ஒன்று இருந்தது. புயல் முதலில் இங்கிலாந்தின் தெற்குக் கடற்கரையைத் தாக்கி, பிறகுதான் வடக்கே ஏறியிருக்கிறது. இடையில் சில மணி நேரம் இருந்தது. புயல் மணிக்குச் சில பத்து மைல் வேகத்தில் நகரும். தந்தி நொடியில் போய்ச் சேரும். தெற்கே அடிப்பதை வடக்கே உடனே சொல்லியிருந்தால் எத்தனையோ கப்பல்கள் தப்பித்திருக்கும். கருவி இருந்தது, கம்பி இருந்தது. இரண்டையும் இணைக்கும் ஏற்பாடுதான் இல்லை.

நாளுக்கு ஒரு ரெஃப்ரெஷ்

ஃபிட்ஸ்ராய் அந்த ஏற்பாட்டைச் செய்தார். கடற்கரையோரமாக 15 இடங்களில் நிலையங்கள். மேற்குக் கடைக்கோடியில், அயர்லாந்தின் வாலென்ஷியா தீவிலிருந்து 1860 அக்டோபர் 8-ல் முதல் வானிலைத் தந்தி கிளம்பியது. தினமும் காலை எல்லா நிலையங்களிலும் குறித்த நேரத்தில் அழுத்தம், வெப்பம், காற்றின் திசை, வேகம் ஆகியவற்றை அளந்து, எண்களாகச் சுருக்கித் தந்தி அடிப்பார்கள். 10 மணி வாக்கில் அவை லண்டன் அலுவலகத்துக்கு வந்து சேரும். சரிபார்த்து, திருத்தி, முடிவெடுத்து, 11 மணிக்கெல்லாம் பத்திரிகைகளுக்கும் கப்பல் நிறுவனங்களுக்கும் அனுப்பிவிடுவார்கள்.

ஒரே நேரத்தில் அளப்பதில் அவர் ஏன் அவ்வளவு கறாராக இருந்தார்? தெற்கு நிலையம் காலை 8 மணிக் காற்றையும், வடக்கு நிலையம் முந்தின நாள் காற்றையும் அனுப்பினால், இரண்டையும் சேர்த்து வரையும் மேப்பில் தெரியும் புயல் எங்குமே இருந்திருக்காது. தகவல் ஒவ்வொன்றும் சரி. சேர்த்துப் பார்த்தால் பொய்.

இன்றைய பிரவுசரில் நடப்பதும் இதே கோளாறுதான். நெட்வொர்க் மந்தமாக இருக்கும்போது புது டைல்களில் பாதி வந்து, மீதி பழசாகவே நின்றுவிட்டால், மழை மேகம் சதுரக் கோட்டில் கத்தரித்த மாதிரி பாதியில் நிற்கும். அதனால் நல்ல மேப்கள் புது அடுக்கைக் கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் ஏற்றுகின்றன. எல்லா டைல்களும் வந்து சேர்ந்த பிறகுதான் அதைக் காட்டி, பழைய அடுக்கை எடுக்கின்றன. நடுவில் திரை வெள்ளையாக மின்னுவதும் இதனால் நின்றுவிடுகிறது.

கூண்டு ஏற்றினார்கள்

மேப் லண்டனில் இருந்தால் மீனவருக்கு என்ன பயன்? அதற்கும் வழி கண்டார் ஃபிட்ஸ்ராய். 1861 பிப்ரவரியில் புயல் எச்சரிக்கைகள் தொடங்கின. ஆபத்து தெரிந்தால் துறைமுகத்துக்குத் தந்தி போகும். உடனே அங்குள்ள கம்பத்தில் கேன்வாஸ் துணி போர்த்திய கூம்பையோ உருளையையோ ஏற்றுவார்கள். கூம்பின் முனை மேலே இருந்தால் வடக்கிலிருந்து புயல் காற்று. கீழே இருந்தால் தெற்கிலிருந்து. உருளை மட்டும் இருந்தால் திசை மாறி மாறி அடிக்கும் பெருங்காற்று. இரவில் அதே வடிவத்தில் விளக்குகள். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் தூரத்திலிருந்தே புரியும்.

தமிழ்நாட்டில் ஒவ்வொரு வடகிழக்குப் பருவமழைக்கும் துறைமுகங்களில் 1-ம் எண், 3-ம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டதாகச் செய்தி வருகிறதே, அது இந்த வழியில் வந்ததுதான். 1864-ல் கல்கத்தாவைச் சூறையாடிய புயலுக்குப் பிறகு, 1865-ல் அந்தத் துறைமுகத்தில்தான் இந்தியாவின் முதல் எச்சரிக்கை ஏற்பாடு வந்தது. இன்றும் பகலில் கூம்பும் உருளையும், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகளும்தான் அடையாளம்.

1861 ஆகஸ்ட் 1-ல் ஃபிட்ஸ்ராய் ஒரு படி மேலே போனார். அடுத்த இரண்டு நாட்களுக்கான வானிலை ‘தி டைம்ஸ்’ நாளிதழில் வெளியானது. பொதுமக்களுக்காகப் பத்திரிகையில் வந்த முதல் அறிவியல்பூர்வ முன்னறிவிப்பு அதுதான். ஜோசியம் என்ற வாடை வரக் கூடாது என்று, ஆங்கிலத்தில் இன்றும் புழங்கும் ‘ஃபோர்காஸ்ட்’ என்ற சொல்லை வானிலைக்கு அவர்தான் கொண்டுவந்தார். விக்டோரியா மகாராணியே தீவுப் பயணத்துக்கு முன் அவரிடம் ஆளனுப்பிக் கேட்டதுண்டு.

காலி டைல் கொடுத்த தண்டனை

கணிப்பு எல்லா நாளும் பலிக்கவில்லை. பிரிட்டனுக்கு வானிலை பெரும்பாலும் மேற்கிலிருந்து, அட்லாண்டிக் கடலிலிருந்து வரும். வாலென்ஷியாவுக்கு மேற்கே அவருக்கு ஒரு நிலையமும் இல்லை. இன்றைய பாஷையில் சொன்னால், மேப்பின் இடப்பக்கம் முழுக்கக் காலி டைல்கள். அங்கிருந்து கிளம்பி வருவதை முன்கூட்டிப் பார்க்க வழியே கிடையாது.

தப்பும்போதெல்லாம் பத்திரிகைகள் கிண்டலடித்தன. அவருடைய கணிப்பை அச்சிட்ட ‘தி டைம்ஸ்’கூட விட்டுவைக்கவில்லை. கொள்கையாக நிறுவாமல் கணிக்கலாமா என்று அறிவியலாளர்கள் கேட்டார்கள். எச்சரிக்கை வந்தால் படகுகள் கடலுக்குப் போகாமல் நஷ்டமாகிறது என்று மீன்பிடிப் படகு முதலாளிகள் சிலர் முணுமுணுத்தார்கள். நாடாளுமன்றத்தில் செலவுக் கணக்கு கேட்டார்கள். ஃபிட்ஸ்ராய் ஒவ்வொரு விமர்சனத்தையும் மனசுக்குள் வாங்கிக்கொண்டார்.

கேட்கும் திறன் குறைந்தது. உடல் சோர்ந்தது. மனச்சோர்வு அழுத்தியது. அவருக்கு முன் பீகிளில் இருந்த கேப்டனும், பெரிய அரசியல்வாதியாக இருந்த தாய்மாமன் காஸ்ல்ரேயும் போன வழி அவரை நெடுநாள் பயமுறுத்தியிருந்தது. 1865 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை காலை, லண்டனின் அப்பர் நார்வுட் வீட்டில் ஃபிட்ஸ்ராய் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். வயது 59. பிரபுக் குடும்பத்தில் பிறந்தவர் போகும்போது சொத்து எதுவும் மிஞ்சவில்லை. எல்லாம் பொது வேலையில் கரைந்திருந்தது. குடும்பத்துக்காக நண்பர்கள் நிதி திரட்டினார்கள். கருத்து வேறுபாட்டால் விலகியிருந்த டார்வின் 100 பவுண்ட் கொடுத்தார். (மன உளைச்சலில் இருப்பவர்கள் அரசின் ‘டெலி மானஸ்’ 14416 எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.)

அடுத்து நடந்ததுதான் முக்கியம். பிரான்சிஸ் கால்ட்டன் இடம்பெற்ற விசாரணைக் குழு 1866-ல் அறிக்கை தந்தது. தினசரி முன்னறிவிப்பு நின்றது. அந்த ஆண்டு டிசம்பரில் புயல் எச்சரிக்கையும் நின்றது. கம்பங்கள் வெறுமனே நின்றன. கடலை நம்பிப் பிழைப்பவர்கள் சும்மா இருக்கவில்லை. கூண்டு வேண்டும் என்று கேட்டார்கள். 1867-ல் புயல் எச்சரிக்கை திரும்பி வந்தது. பத்திரிகை முன்னறிவிப்பு திரும்ப 1879 ஆனது. 100% சரியாக இல்லாத எச்சரிக்கைகூட, எச்சரிக்கையே இல்லாததைவிட மேல் என்பது அதற்குப் பழகியவர்களுக்குத் தெரிந்திருந்தது.

உங்கள் போனில் என்ன பார்க்க வேண்டும்?

நிலையம், தந்தி, கம்பம் என்று ஃபிட்ஸ்ராய் போட்ட அதே மூன்று படிகள்தான் இன்றைக்கும். ரேடார் அளக்கிறது. சர்வர் அதை டைல்களாக வெட்டுகிறது. பிரவுசர் வாங்கிக் காட்டுகிறது. எந்தப் படியில் வேண்டுமானாலும் தாமதம் ஒட்டிக்கொள்ளும்.

அதிகமாக மாட்டிக்கொள்வது கடைசிப் படியில். டேட்டாவை மிச்சப்படுத்த, ஒருமுறை வாங்கிய டைலை பிரவுசர் தன் ‘கேஷ்’ சேமிப்பில் வைத்துக்கொள்ளும். அதே முகவரியில் மறுபடி கேட்டால், சர்வருக்குப் போகாமல் கையிலிருப்பதையே நீட்டும். சாலை டைலுக்கு இது நல்ல பழக்கம். மழை டைலுக்கு ஆபத்து.

இதற்கான தீர்வு எளிது. டைலின் முகவரியிலேயே அளந்த நேரத்தைச் சேர்த்துவிடுவார்கள். 5.40 மணிப் படத்துக்கு ஒரு முகவரி, 5.50 மணிப் படத்துக்கு வேறு முகவரி. முகவரி மாறினால் பழையதை நீட்ட முடியாது. ஆப்போ இணையதளமோ சில நிமிடத்துக்கு ஒருமுறை, கடைசியாக வந்த படம் எத்தனை மணியுடையது என்று மட்டும் சர்வரிடம் கேட்கும். புதிது வந்திருந்தால்தான் டைல்களை வாங்கும். அடி மேப்பைத் தொடாது. டேட்டாவும் மிச்சம், தகவலும் புதுசு.

ஆனால், பின்னால் திறந்து கிடக்கும் டேபில் பிரவுசர் பல வேலைகளை நிறுத்தி வைக்கும். காலையில் திறந்த மேப்பை மாலையில் எட்டிப் பார்த்தால், ஒரு கணம் காலை வானமே தெரியலாம்.

அதனால் மேப்பில் நிறத்தைப் பார்க்கும் முன் ஓரத்தில் இருக்கும் நேரத்தைப் பாருங்கள். அது நீங்கள் பக்கத்தைத் திறந்த நேரமா, ரேடார் அளந்த நேரமா என்று கவனியுங்கள். ‘யுடிசி’ என்று போட்டிருந்தால் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். அங்கே 12 மணி என்றால் இங்கே மாலை 5.30. நேரமே போடாத மேப்பை நம்பிக் கிளம்ப வேண்டாம். வெள்ளையாக இருக்கும் பகுதியில் மழை இல்லை என்றும் அர்த்தம் இருக்கலாம், தகவல் இல்லை என்றும் அர்த்தம் இருக்கலாம். ஃபிட்ஸ்ராயைக் கவிழ்த்தது இரண்டாவது வகை வெள்ளை.

2002-ல் பிரிட்டன் வானிலை அலுவலகம், கப்பல்களுக்கான அறிவிப்பில் ‘ஃபினிஸ்டெர்’ என்று இருந்த கடல் பகுதிக்கு ‘ஃபிட்ஸ்ராய்’ என்று பெயர் வைத்தது. அது இருப்பது பிரிட்டனுக்குத் தென்மேற்கே, அட்லாண்டிக்கில். அன்று அவருடைய மேப்பில் காலியாகக் கிடந்த பக்கத்தில்.